சிப்ஸ் சிவந்து போவதற்குக் காரணம் கிழங்குதான்

உருளைக்கிழங்கு சிப்ஸ் சரியாக வரவில்லை என்றால் எல்லோரும் எண்ணெயைச் சொல்வார்கள், தீயைச் சொல்வார்கள். மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது, முதலில் கிழங்கைத்தான் பார்க்க வேண்டும். அதே வாணலி, அதே கடலை எண்ணெய், அதே தீ. செம்மண் ஒட்டிக்கொண்டு வந்த புது ஊட்டிக் கிழங்கு வெளிர் மஞ்சளாகப் பொரிந்தது, ஃப்ரிட்ஜில் கிடந்த கிழங்கோ ஈரம் போவதற்குள்ளேயே ஓரமெல்லாம் பழுப்பேறிக் கசந்தது. குளிரில் இருக்கும்போது கிழங்கின் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாகிறது, அந்தச் சர்க்கரைதான் சூட்டில் சீக்கிரம் சிவந்துவிடுகிறது. அந்தக் கிழங்கையே வெளியே எடுத்துக் காற்றோட்டமான இருட்டு மூலையில் இரண்டு வாரம் போட்டு வைத்தால் நிறம் ஓரளவு தேறுகிறது. பச்சை ஏறியதை மட்டும் தொடவே வேண்டாம்.

சீவும் கட்டையில் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவுகிறேன். அதைவிட மெலிந்தால் சுருண்டுகொள்கிறது, தடித்தால் நடுவில் சவசவ என்று நின்றுவிடுகிறது. சீவியதும் தண்ணீரில் அலச வேண்டும். முதல் தண்ணீர் பால் மாதிரி இருக்கும், தெளியும் வரை மாற்றிக்கொண்டே இருந்தால்தான் எண்ணெயில் ஒன்றோடொன்று ஒட்டாது.

அடுத்தது வினிகர். சமீபமாகத்தான் சேர்த்துப் பார்க்கிறேன், இனி விடப்போவதில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் விட்டுக் கொதித்ததும் சீவலைப் போட்டு மூன்று நிமிடம் வேகவிட்டால், புளிப்பு இருப்பதால் குழையாமல் உருவம் நிற்கிறது, கொஞ்சம் சர்க்கரையும் அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. வடித்துப் பழைய பருத்தி வேட்டியில் பரப்பி, மேலே இன்னொரு துணியைப் போட்டு ஒற்றி எடுக்கிறேன். ஈரத்தோடு போட்டால் எண்ணெய் பொங்கும், சூடும் சட்டென்று இறங்கிவிடும்.

எண்ணெய் 170 முதல் 180 டிகிரிக்குள் இருந்தால் போதும், புகைய விடக்கூடாது. ஒரு கைப்பிடி போட்டதும் சலசலவென்று நுரைத்துக்கொண்டு வரும். கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தானே, அது ஆவியாகிப் போகிற சத்தம் அது. நிறத்தை மட்டும் நம்பாமல் சத்தத்தையும் கேளுங்கள். சலசலப்பு அடங்கி, அரிகரண்டியால் கிளறும்போது கலகலவென்று கேட்டால் அள்ளிவிடலாம். எண்ணெய்ப் பளபளப்பு மேலே இருக்கும்போதே மிக்ஸியில் பொடித்த உப்பைத் தூவிக் குலுக்க வேண்டும், ஆறிவிட்டால் ஒட்டாது. நேந்திரம் சிப்ஸுக்குச் செய்வதுபோல உப்புத் தண்ணீரை எண்ணெயிலேயே தெளித்தும் பார்த்தேன். உப்பு சீராகப் பிடிக்கிறது, ஆனால் வீட்டு வாணலிக்கு அந்தத் தெறிப்பு ஆகாது.

அடுத்து குஃப்ரி சிப்சோனா போட்டுப் பார்க்க ஆசை. சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் சிப்ஸுக்கென்றே சர்க்கரை குறைவாக உருவாக்கிய ரகம் அது. காய்கறி மண்டியில் சொல்லி வைத்திருக்கிறேன், இங்கே சில்லறையில் எங்காவது கிடைத்தால் சொல்லுங்கள்.