பின்லாந்தின் மதிப்பெண்கள்

எந்த ஆசிரியர் பயிற்சிக்குப் போனாலும் பின்லாந்துப் புராணம் உண்டு. தப்பில்லை, பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பிசா (PISA) தேர்வில், 2006இல், அந்நாட்டுப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் அறிவியலில் 563 எடுத்து முதலிடம். அப்புறம் நடந்ததை யாரும் சொல்வதில்லை. 2022இல் அறிவியல் 511. கணிதம் 548இலிருந்து 484. கொரோனாவைக் குறை சொல்ல முடியாது, 2009லேயே சரிவு தெரிந்தது.

எனக்குப் புரியாத இடம் இதுதான்: முதுகலை படித்த ஆசிரியர்கள், பொதுத்தேர்வு நெருக்கடி இல்லாத பள்ளி என்று எதையெல்லாம் வெற்றிக்குக் காரணமாகச் சொன்னார்களோ, அவை அப்படியே இருக்கின்றன. ஆனாலும் மதிப்பெண் இறங்கியது. கடலுக்கு அக்கரையில் எஸ்தோனியா, கணிதத்தில் 510. (அந்தப் பெயரைப் பயிற்சியில் ஒருவர்கூடச் சொன்னதில்லை!)

2025 ஆகஸ்டு முதல் பின்லாந்து வகுப்பறைகளில் கைபேசிக்குச் சட்டப்படி கட்டுப்பாடு. அதைத்தான் நான் முதலில் காப்பியடிப்பேன்.