வால் மெலிந்த பல்லி

ஷார்ஜாவில் இருக்கும் என் அண்ணன் மகன், தான் வளர்க்கும் லெப்பர்டு கெக்கோவின் வால் ஒரே மாதத்தில் ஈர்க்குச்சிபோல் மெலிந்துவிட்டதைக் காணொளி அழைப்பில் காட்டினான். அந்தப் பல்லி கொழுப்பைச் சேமிப்பதே வாலில்தான் என்பதால், கால்நடை ஆய்வகத்தில் சாணமும் எச்சமும் பார்த்துப் பழகிய எனக்குக் குடற்புழுதான் முதலில் நினைவுக்கு வந்தது. தக்கலை வீட்டில் என் பக்கத்திலிருந்த அம்மாவோ, "நம்ம செவுத்துல கெடக்கியதுக்கு ஆரு மருந்து குடுக்கா?" என்று சிரித்தார்கள்.

அதிலும் நியாயம் உண்டு. பிள்ளைகளுக்கு வரும் கீரிப்பூச்சியின் தூரத்து உறவான நூற்புழுக்கள் பல்லியின் குடலில் சிறிதளவு இருப்பது இயல்புதான். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் தன் எச்சத்தையே மிதித்துத் திரியும் பல்லி, முட்டைகளைத் திரும்பத் திரும்ப விழுங்குவதால் அவை பெருகிவிடுகின்றன. மருத்துவர் எடை பார்த்து ஃபென்பென்டசோல் கொடுத்தால் கட்டுப்படும்.

மெலிவுக்குக் காரணம் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணிய குடல் ஒட்டுண்ணி என்றால் கதை வேறு. ஏறத்தாழ 5 மைக்ரான் அளவே உள்ள அதன் முட்டையுறைகள் வழக்கமான சோதனையில் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால், தனிச் சாயமேற்றிச் சிவப்புப் புள்ளிகளாகத் தேட வேண்டும். பிளீச்சிங் தண்ணீருக்கும் அவை அசையா, உறுதியாகக் குணப்படுத்தும் மருந்தும் இல்லை.

மணலை அகற்றி டிஷ்யூ தாள் விரிக்கவும், புதிய எச்சத்தைக் காயவிடாமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோகவும் சொன்னேன். நேற்று அவன் அனுப்பிய நுண்ணோக்கிப் படத்தில் ஒருபுறம் தட்டையான நூற்புழு முட்டைகள் தெளிவாகத் தெரிந்தன. சாயச் சோதனையின் முடிவு இன்னும் வரவில்லை.