ஏ.பி.எஸ். மாட்யூல் போச்சு என்றார்கள்: மீன் வண்டியோடு நான் அலைந்த 19 நாள்

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மேற்குக் கடலில் தடைக்காலம். வண்டிக்குச் சரியான ஓட்டம் கிடையாது, தவணை மட்டும் தேதி தவறாமல் போகும். ஆகஸ்ட் 1-ல் விசைப்படகுகள் இறங்கி, குளச்சலில் கணவாய் வரத் தொடங்கிய முதல் வாரத்தில்தான் என் பிக்கப்பில் ஏ.பி.எஸ். (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏற்பாடு) விளக்கு எரிந்தது. திங்கள்நகர் தாண்டியதும் மஞ்சள் விளக்கு, கூடவே சிவப்பு பிரேக் விளக்கு, ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்தில். நாகர்கோவில் வடசேரியில் சரக்கை இறக்கிவிட்டு அரை மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒரு விளக்கும் இல்லை. நானும் விட்டுவிட்டேன்.

விட்டது தப்பு. மஞ்சள் மட்டும் எரிந்தால் ஏ.பி.எஸ். வேலை செய்யாது, சாதா பிரேக் இருக்கும். சிவப்பும் சேர்ந்து எரிந்தால், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரேக்கைப் பங்கு பிரித்துக் கொடுக்கிற ஏற்பாடும் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் பாரம் இல்லாத பிக்கப்புக்கு அது பெரிய ஆபத்து. இரண்டு நாள் கழித்து வில்லுக்குறி பக்கம், சாரல் மழையில், காலி வண்டியில் பிரேக் அடித்தேன். பின் சக்கரம் இரண்டும் பூட்டி, வண்டியின் வால் இடது பக்கமாகப் போய்விட்டது. முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிறைந்த ஆட்டோ. நாலடி மிச்சத்தில் நின்றது. அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

பத்து வருடமாக வண்டி பார்க்கும் மெக்கானிக் முன் இடது சக்கர சென்சாரைத்தான் சொன்னார். 2,800 ரூபாய்க்குப் புதுசு போட்டோம். மறுநாள் அதே திங்கள்நகர், அதே விளக்கு. பிறகு சர்வீஸ் சென்டர். ஸ்கேனரைக் குத்திப் பத்து நிமிடத்தில் முடிவு சொன்னார்கள்: ஏ.பி.எஸ். கம்ப்யூட்டர் பெட்டியான மாட்யூல் போச்சு, தனியாக வராது, அசெம்பிளியாகத்தான் மாற்ற வேண்டும், 48,000, வரி தனி, முழுப் பணமும் முன்கூட்டியே கட்ட வேண்டும், வர மூன்று வாரம். ஸ்கேன் செய்ததற்கு மட்டும் 1,180 வாங்கினார்கள். யாரும் ஒரு மல்டிமீட்டரைக் கையில் எடுக்கவில்லை. பில்லை மடித்துப் பையில் வைத்தேனே தவிர, ஸ்கேனரில் என்ன ஃபால்ட் கோடு (கோளாறைக் காட்டும் குறியீட்டு எண்) வந்தது என்று கேட்டு எழுதி வாங்கவில்லை. அதற்கான விலையைப் பின்னால் கொடுத்தேன்.

தக்கலையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அவரிடம் போயிருந்தால் முதல் நாளே பாதி தெரிந்திருக்கும். அவர் முதலில் பார்த்தது பேட்டரி, அடுத்து மாட்யூலுக்குப் போகும் இரண்டு பெரிய ஃப்யூஸ், அதற்கப்புறம் எர்த். விளக்கு எரியும்போது எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டரை வைத்தால் 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. என் வண்டியில் 1.4. சேஸிஸில் எர்த் பிடிக்கும் இடத்தைக் கழற்றிக் காட்டினார், பச்சையாகப் பூத்துக் கிடந்தது. துறைமுகத்தில் உப்புத் தண்ணீரில் நிற்கிற வண்டி, கடல் காற்று வேறு. போதாததற்கு வாட்டர் சர்வீஸில் இன்ஜின் ரூமுக்குள் பிரஷர் தண்ணீர். சுரண்டி, ஒயர் நுனிக்குப் புது லக் அடித்து, கிரீஸ் பூசிக் கொடுத்தார். நாலு நாள் விளக்கு வரவில்லை. வீட்டில் பாயசம் வைக்காத குறை.

ஐந்தாம் நாள் திரும்ப எரிந்தது. அண்ணாச்சி சலிக்கவில்லை. "காலையிலே வருமா, ஓடினப்புறம் வருமா மக்கா?" என்று கேட்டார். ஓடி அரை மணி நேரம் ஆனதும்தான் என்றேன். என் தங்கச்சியின் முடி காய வைக்கும் மெஷினை வாங்கிவரச் சொல்லி, வண்டி ஆறிக் கிடக்கும்போது மாட்யூலின் கறுப்புப் பெட்டிக்கு மட்டும் மிதமான சூடு காட்டினார். ஐந்து நிமிடத்தில் விளக்கு வந்தது. ஆறவிட்டு சாவியை அணைத்துப் போட்டதும் போனது. மூன்று தடவை செய்தும் அதேதான். ஸ்கேனரைக் குத்துகிற ஓ.பி.டி. சாக்கெட்டில் 6-ஆம் முனைக்கும் 14-ஆம் முனைக்கும் நடுவே அளந்தார், 60 ஓம் சரியாக இருந்தது. அதாவது வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் லைன் ஒயரில் கோளாறு இல்லை. பெட்டிக்குள்ளேதான் எங்கோ சால்டர் விரிசல் விட்டிருக்கிறது, சூட்டில் விரிந்து தொடர்பு அறுகிறது என்றார். ஆக, சர்வீஸ் சென்டர் சொன்ன முடிவு தப்பில்லை. ஆனால் இந்தச் சோதனைக்கு அப்புறம்தான் எனக்கு அது நம்பும்படியாக இருந்தது. திருவனந்தபுரத்தில் இ.சி.யு. (வண்டிக் கம்ப்யூட்டர்) பழுது பார்க்கும் கடை ஒன்று இருக்கிறது, பெட்டியை மட்டும் கழற்றிக் கொண்டு போ என்றும் சொன்னார்.

பெட்டியை மட்டும். இந்த வார்த்தை என் காதில் சரியாக ஏறவில்லை. மறுநாள் அண்ணாச்சி ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டார். பொறுக்க மாட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் பிரேக் பைப் ஆறையும் கழற்றி, அடியிலிருக்கும், பிரேக் ஆயில் ஓடும் அலுமினியக் கட்டையோடு மொத்தமாக எடுத்துவிட்டார். ஆயில் ஃபெண்டரில் வழிந்து, வழிந்த இடத்தில் பெயின்ட் உரிந்தது. சாயங்காலம் வந்த அண்ணாச்சி தலையில் கை வைத்தார். "ஏம் மக்கா, பைப்பை எதுக்குக் கழற்றினே? இந்தப் பெட்டி தனியா வருமே." ஸ்டார் பிட்டால் நாலு ஸ்க்ரூவைக் கழற்றினார், பெட்டி கையோடு வந்துவிட்டது. பத்து நிமிட வேலை. எல்லா வண்டியிலும் இப்படித் தனியாக வராது, மோட்டார் ஒயரைச் சேர்த்துச் சால்டர் வைத்ததும் உண்டு. உங்கள் வண்டியில் வருமா என்று பார்க்காமல் ஒரு நட்டைக்கூடத் தொட விடாதீர்கள். பைப் திறந்தால் உள்ளே காற்று ஏறும், சாதாரணமாக பிரேக்கை மிதித்து எடுக்கும் காற்று இல்லை அது.

மார்த்தாண்டத்தில் பஸ் பிடித்துத் தம்பானூரில் இறங்கினேன். களியக்காவிளை, நெய்யாற்றின்கரை நெரிசலில் போகவே அரை நாள் ஆகிவிட்டது. கடைக்காரர் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஃபால்ட் கோடு எங்கே சேட்டா?" என்றார். எந்தப் பகுதியைச் சோதிக்க வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் தொடங்குவாராம். என்னிடம் இல்லை. வண்டியில் திரும்ப ஸ்கேன் பார்க்கலாம் என்றால் பெட்டி என் மடியில் இருக்கிறது. அவரிடம் கோபப்பட ஒன்றுமில்லை, நியாயமாகத்தான் கேட்டார். வெறுங்கையோடு திரும்பினேன்.

மறுநாள் காலையில் சர்வீஸ் சென்டர் கவுன்டர். பில்லைக் காட்டி ரிப்போர்ட் கேட்டேன். "ஜாப் கார்டு க்ளோஸ் பண்ணியாச்சு சார். ரிப்போர்ட் கொடுக்கிற வழக்கம் இல்லை." காசு கொடுத்துச் செய்த சோதனையின் முடிவு எனக்குச் சொந்தமில்லையா என்று கேட்டதற்கு மேனேஜர் வரட்டும் என்றார்கள். மேனேஜர் வந்தார், போனார். ஒன்றரை மணி நேரம் நின்றேன். கடைசியில் வெளியே டீக்கடைக்கு வந்தபோது, அன்று ஸ்கேன் பார்த்த தம்பி பின்னாலேயே வந்து, "அண்ணாச்சி, நான் அன்னைக்கே போட்டோ எடுத்து வச்சிருந்தேன்" என்று போனை நீட்டினான். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும். இரண்டு கோடு. ஒன்று பம்ப் மோட்டார் சப்ளை பற்றியது. இன்னொன்று யு 0121, அதை ஏ.பி.எஸ். சொல்வதில்லை, மற்ற கம்ப்யூட்டர்கள் சொல்வது: ஏ.பி.எஸ். எங்களோடு பேசவில்லை என்று. ஸ்பீடோமீட்டர் ஏன் விழுந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. என் வண்டியில் வேகக் கணக்கு ஏ.பி.எஸ். வழியாகத்தான் மீட்டருக்குப் போகிறது.

போட்டோவோடு போன பிறகு மூன்று நாளில் வேலை முடிந்தது. மூடியை ஓரமாக அறுத்து, கரண்ட் சப்ளை வரும் முனையில் விரிசல் விட்ட இடத்தைச் சரிசெய்து, சிலிக்கான் வைத்து ஒரு நாள் முழுக்க உலரவிட்டுக் கொடுத்தார்கள். 6,500, ஆறு மாதம் கியாரண்டி. நம் பெட்டியே திரும்பி வருவதால் கோடிங் (பெட்டியை வண்டிக்கு ஏற்றபடி ஸ்கேனரில் பதிவது) வேலை இல்லை. பழைய இரும்புக் கடை மாட்யூல் வாங்க நினைப்பவர்கள் பார்ட் நம்பர் ஒத்துப் போகிறதா, வண்டிக்குக் கோடிங் செய்ய ஆள் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியை மாட்டியாயிற்று, விளக்கு அணைந்தது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. புது டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி நாலு சக்கரத்திலும் மூன்று சுற்றுக் காற்று எடுத்தோம். பெடல் ஏறவே இல்லை. கட்டைக்குள் சிக்கிய காற்றை எடுக்க, ஸ்கேனர் மூலம் பம்ப்பையும் வால்வுகளையும் ஓடவிட்டு பிளீட் (காற்றை வெளியேற்றுவது) செய்ய வேண்டும். சர்வீஸ் சென்டரில், வெளியே கை வைத்த வண்டியைத் தொட மாட்டோம் என்றார்கள். மார்த்தாண்டத்தில் பல கம்பெனி வண்டிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறை கிடைத்தது. பிரேக் இல்லாத வண்டியை ஓட்டிப் போக முடியாது, ரிக்கவரி வண்டிக்கு 3,500. பிளீட் செய்ய 1,500. ஆயிலுக்கு 900. பைப்பைக் கழற்றியதற்காக மட்டும் 5,900 ரூபாய். சரக்குக்கு வாடகை வண்டி பிடித்தது தனிக்கணக்கு.

அண்ணாச்சி 1,200-க்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். அவரை ஏற்றிக்கொண்டு, சாரல் நின்ற ஒரு மத்தியானம், ஆளில்லாத ஈர ரோட்டில் 40-ல் போய் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தேன். காலுக்கடியில் பெடல் படபடவென்று துடித்தது, வண்டி நேராக நின்றது. "இதுதான் மக்கா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது மாதம் ஒரு தடவை எர்த்தைக் கழற்றிப் பார்க்கிறேன். வாட்டர் சர்வீஸில் பானெட்டைத் திறக்க விடுவதில்லை. கழற்றிப் போட்ட பழைய இடது சென்சாரை மார்த்தாண்டம் பட்டறையில் மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள், ஸ்கேனரில் மற்ற மூன்று சக்கரத்தோடு ஒரே வேகம் காட்டியது. அதில் ஒரு கோளாறும் இல்லை. துணியில் சுற்றி டேஷ்போர்டுக்குள் வைத்திருக்கிறேன்.