தொட்டியில் வாய் வைக்காத மாடு

போன சித்திரையில், வெயில் நாற்பதைத் தாண்டி வேலூரைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்த சமயம், எங்கள் கொட்டகையில் இருந்த ஜெர்சி மாடு தொட்டித் தண்ணீரைக் குடிக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. பொய்கை செவ்வாய்ச் சந்தையில் வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகவில்லை. பிளாஸ்டிக் பக்கெட்டில் வைத்தால் ஒரே இழுப்பில் ரெண்டு பக்கெட் காலி, தொட்டி என்றால் மட்டும் மூக்கை நீட்டும், உடனே சிலிர்த்துக்கொண்டு பின்னால் போகும். மாட்டுக்கு ஏதோ சீக்கு என்று நான் நினைத்தேன். ஆயாதான் சொன்னது: "தண்ணி நல்லாத்தான்டா கீது, தொட்டிலதான் இன்னாமோ கீது. கொழாய தொட்டா ஜிவ்வுனு இழுக்குது."

ஆயா எப்போதும் வெறுங்கால். நான் ரப்பர் செருப்போடு தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லையே என்றேன். டெஸ்டரை வைத்தேன், எரியவில்லை. ஊர் ஒயர்மேன் வந்து அவருடைய டெஸ்டரையும் வைத்தார், அதுவும் எரியவில்லை, "கரண்ட் இல்லப்பா, பெரியம்மாவுக்கு நரம்புத் தளர்ச்சியா இருக்கும்" என்று கிளம்பிவிட்டார். டெஸ்டருக்குள் இருக்கிற நியான் பல்பு மினுக்கவே அறுபது எழுபது வோல்ட்டாவது வேண்டும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அப்புறம் மல்டிமீட்டரின் ஒரு முனையைக் குழாயிலும், இன்னொன்றை ஈரத் தரையில் அடித்த ஆணியிலும் வைத்துப் பார்த்தால் 38 வோல்ட். டெஸ்டருக்கு அது தெரியாது, செருப்புக் காலுக்கும் தெரியாது. கோமியத்திலும் சாணித் தண்ணியிலும் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு ஈரமான வாயைத் தொட்டியில் வைக்கிற மாட்டுக்குச் சில வோல்ட் வந்தாலே தெரிந்துவிடும்.

எங்கிருந்து வந்தது என்று தேடியதில் ஒரு நாள் போயிற்று. கொட்டகை வீட்டுக்குப் பின்னால் நாற்பது மீட்டர் தள்ளி இருக்கிறது. அப்பா காலத்தில் வீட்டிலிருந்து ரெண்டு ஒயர் மட்டும் இழுத்தார்கள், கரண்ட் வருகிற பேஸும் அது திரும்பிப் போகிற நியூட்ரலும். கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் ஒயர் கிடையாது. மேலே தகரக்கூரை தாங்குகிற இரும்புச் சட்டத்தில் ஃபேன் ஒயர் உரசி உரசித் தோல் உரிந்து கிடந்தது. அதே சட்டத்தில்தான் டேங்கிலிருந்து தொட்டிக்கு வரும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பையும் கிளாம்ப் போட்டு மாட்டியிருந்தோம். துருவின் வழியாகக் கசிந்ததால்தான் 38. துரு இல்லாமல் நேராகத் தொட்டிருந்தால் ஆயா இன்று இருந்திருக்காது.

மறுபடி கூப்பிட்டதும் ஒயர்மேன் வந்து, "எர்த் குழி போட்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்றார். வீட்டு எர்த் நன்றாக இருக்கிறது என்று காட்ட பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பை மாட்டினார். பளிச்சென்று எரிந்தது. இந்த பல்பு டெஸ்ட்டை நம்பித்தான் நம் பக்கத்தில் பாதிக் கொட்டகைகள் ஓடுகின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த பல்பு எரியும்போது அதன் ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்டைத் தடுக்கிற அளவு, சுமார் 529 ஓம். எர்த் 40 ஓம் என்று வைத்துக்கொண்டாலும் பல்புக்கு 214 வோல்ட் கிடைத்துவிடும், எரியத்தான் செய்யும். ஆனால் பேஸ் ஒயர் நேராக இரும்பில் பட்டால் 40 ஓம் வழியாக ஓடுவது 230-ஐ 40-ஆல் வகுத்த ஆறு ஆம்பியருக்கும் குறைவு. கரண்ட் அளவு மீறினால் தானே விழுகிற சுவிட்ச்தான் எம்சிபி, 16 ஆம்பியர் எம்சிபி அதற்கெல்லாம் அசையாது. எர்த் குழி போட்டாயிற்று என்ற தைரியத்தில் நாம் தூங்குவோம், சட்டமும் பைப்பும் கிட்டத்தட்ட முழு 230 வோல்ட்டில் நின்றுகொண்டிருக்கும். தவிர, அந்த டெஸ்ட் செய்கிற நேரத்தில் எர்த்தோடு சேர்ந்த இரும்பு எதையாவது யாராவது தொட்டுத் தொலைத்தால் என்ன ஆவது?

அதனால் முதலில் வாங்கியது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, பேஸில் போன கரண்ட் நியூட்ரலில் முழுசாகத் திரும்பாமல் வேறெங்காவது கசிந்தால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கிற சுவிட்ச். கொட்டகைக்குப் போகிற லைன் வீட்டு போர்டில் எங்கே கிளம்புகிறதோ அங்கே மாட்டினோம். எர்த் 1000 ஓம் என்று படுமோசமாக இருந்தாலும் 30 மில்லி ஆம்பியருக்கு இரும்பில் ஏறுவது 30 வோல்ட்தான், அதற்கு மேல் போனால் கண் இமைக்கிற நேரத்தில் விழுந்துவிடும். மாட்டிய அன்றே ரெண்டு முறை விழுந்தது. "இது சும்மா சும்மா விழும், எடுத்துடலாம்" என்றார் ஒயர்மேன். சும்மா விழவில்லை, பழைய டியூப்லைட் பட்டியில் நியூட்ரல் ஒயர் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் குழி. நாலு அடியிலேயே கடப்பாரை ணங் என்றது, பாறை. அணைக்கட்டு ஊர்ப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். எட்டடி பைப்பை நட்டுக்குத்தலாக இறக்க வழியில்லை என்றால் இரும்புப் பட்டையைப் படுக்கவும் போடலாம், எர்த் போடுவதற்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 3043-லேயே அதற்கு இடம் உண்டு. வாழைக்குப் போகும் வாய்க்கால் ஓரமாக ரெண்டடி ஆழத்தில் பதினைந்து மீட்டருக்கு ஜிஐ பட்டையைப் புதைத்தோம். மூட்டை மூட்டையாக உப்பு கொட்ட வேண்டும் என்றார்கள். கொட்டினால் ரெசிஸ்டன்ஸ் இறங்கும்தான், ஆனால் அதே உப்பு இரும்பைத் தின்றுவிடும், ரெண்டு மழையில் கரைந்தும் போகும். நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

இதையெல்லாம்விட முக்கியம் என்று எனக்குப் படுவது எல்லா இரும்பையும் ஒன்றாகக் கட்டுவது. கூரைச் சட்டம், ஜிஐ பைப், மாடு கட்டுகிற குறுக்குப் பைப், தீவனம் வெட்டும் மெஷின், எல்லாவற்றிலிருந்தும் 6 ஸ்கொயர் எம்எம் பச்சை ஒயர் எடுத்து, புதைத்த பட்டையோடு சேர்த்த ஒரே எர்த் பாரில் முடுக்கினோம். பெயிண்டைச் சுரண்டிவிட்டுத்தான் கிளாம்ப் போட வேண்டும், மேலேயே போட்டால் அது வெறும் அலங்காரம். ஏதாவது கோளாறாகி ஒரு இரும்பில் வோல்ட் ஏறினாலும் எல்லாம் சேர்ந்தே ஏறும், ஒரு கை பைப்பிலும் மறு கை சட்டத்திலும் இருந்தாலும் ரெண்டுக்கும் நடுவே வித்தியாசம் இருக்காது. தரை மட்டும் இன்னும் பாக்கி. அடுத்த முறை கான்கிரீட் போடும்போது உள்ளே வெல்ட் மெஷ் வைத்து அதையும் இந்த பாரிலேயே கட்ட வேண்டும்.

இன்னொன்று, வீட்டு டேங்கிலிருந்து கொட்டகை வரை முழுக்க ஜிஐ பைப் ஓடியது. அப்படியே விட்டால் வீட்டு எர்த்தும் கொட்டகை எர்த்தும் பைப் வழியாகவே கைகோத்துக்கொள்ளும், வீட்டில் கிரைண்டர் பழுதானால் அந்த கரண்ட் மாட்டுத் தொட்டிக்கு வரும். அதனால் கொட்டகைக்கு வெளியே பைப்பை அறுத்து ரெண்டு மீட்டர் பிவிசி சேர்த்தோம்.

இப்போது குழாய்க்கும் ஆணிக்கும் நடுவே மீட்டர் அரை வோல்ட்டுக்குக் கீழேதான் காட்டுகிறது. மாடு நாலாம் நாள்தான் தொட்டியில் வாய் வைத்தது, அதுவரை நம்பவில்லை. மாசம் ஒரு தடவை ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அமுக்குவது என் வேலை. வெயில் காலத்தில் பட்டை புதைத்த இடத்துக்குச் சாயங்காலம் தண்ணீர் ஊற்றுவதை ஆயா எடுத்துக்கொண்டது. துளசிக்கு ஊற்றிவிட்டு மிச்சத்தை அங்கே ஊற்றும். நேற்றுகூடக் கேட்டது: "எத்தினி நாளா ஊத்துறேன், இன்னாடா நட்டு வெச்ச, ஒண்ணும் மொளைக்கவே இல்ல?"