சர்ச் கூரையில் ஒரு பேனர்

முப்பது வருஷம் துணியிலும் தகரத்திலும் முகம் வரைந்து பிழைத்தவன் நான். ஃப்ளெக்ஸ் வந்தது, பிரஷ்ஷைக் கழுவி வைத்தாயிற்று. இப்போது ரோமில் வேலை பார்க்கும் மகள் வீட்டில் மூன்று வாரம். "அப்பா, உங்களுக்கென்றே ஒரு சர்ச் இருக்கு" என்று அவள் கிளப்பியபோது உண்மையில் எனக்குச் சலிப்புத்தான். அதற்குள் பதினோரு சர்ச் பார்த்து முடித்திருந்தேன். தங்க முலாமும் குண்டுக் குழந்தைத் தேவதைகளும் கனவிலும் வர ஆரம்பித்திருந்தன.

பன்னிரண்டாவது, இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் கோவில். இத்தாலியர்கள் சான்ட் இன்யாட்ஸியோ என்கிறார்கள். பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோவிலிலிருந்து ஐந்து நிமிட நடை. பாந்தியனுக்குள் போக 5 யூரோ டிக்கெட் எடுத்திருந்தோம். இங்கே டிக்கெட் கிடையாது. முன்னால் ஒரு சின்னச் சதுக்கம். பிலிப்போ ரகுஸ்ஸினி என்பவர் 1720களின் கடைசியில் கட்டியது. எதிர்ப்புற வீடுகளின் முகப்பு எல்லாம் வளைந்து வளைந்து, நடுவே சந்துகள் விட்டு, நாடக மேடையின் சைடு விங் வைத்த மாதிரியே நிற்கின்றன. எந்தச் சந்திலிருந்தும் ஒரு ராஜபார்ட் பாடிக்கொண்டே வரலாம்.

உள்ளே நுழைந்தால் ஒரு வரிசை. பூசைக்கோ பாவசங்கீர்த்தனத்துக்கோ என்று நினைத்தேன். கண்ணாடிக்காம். கழுத்தை வளைக்காமல் கூரையைப் பார்க்க ஒரு சாய்ந்த கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அதில் குனிந்து தன் முகத்தையும் கூரையையும் சேர்த்து செல்ஃபி எடுக்கத்தான் அத்தனை கூட்டம். மகள் என்னைப் பார்த்தாள். எனக்குக் கழுத்து இருக்கிறது என்றேன்.

சரி, அந்தக் கூரை.

நடுக்கூடத்தின் தரையில் ஒரு வட்டக் கல் பதித்திருக்கிறது. அதில் நின்று மேலே பார்த்தால், சுவர் முடிகிற இடத்தில் சுவர் முடியவில்லை. தூண்களும் வளைவுகளும் இன்னும் ஒரு மாடி மேலே ஏறி, அதற்கும் மேலே வானம் திறந்து, மேகத்தில் மனிதர்கள் மிதக்கிறார்கள். எது கட்டியது, எது வரைந்தது என்று கோடு பிரிக்க என் கண்ணாலேயே முடியவில்லை. மேலே சிலுவையோடு கிறிஸ்து. அவரிடமிருந்து ஓர் ஒளிக்கதிர் இஞ்ஞாசியார்மேல் விழுந்து, அங்கிருந்து நான்கு கண்டங்களுக்கும் பிரிந்து போகிறது. ஆசியா ஒட்டகத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறாள். ஆப்பிரிக்காவுக்கு முதலை. ஒவ்வொருத்தியின் காலடியிலும் பூதங்கள் தலைகுப்புற விழுகின்றன. அந்தப் பூதங்கள் யாருடைய சாமிகளோ என்று யோசித்தால் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் விழுகிற முதுகை வரைந்திருக்கும் வரைச்சலுக்கு முன்னால் என் வாய் அடைத்துப் போனது. வளைந்த கூரையில் அதை நேரான உடம்பாகத் தெரிய வைக்க வேண்டுமானால், கிட்டத்தில் கன்னாபின்னா என்று இழுத்து வரைந்திருக்க வேண்டும்.

வரைந்தவர் அந்திரேயா போஸ்ஸோ. 1642இல் திரெந்தோவில் பிறந்தவர். இயேசு சபையில் சகோதரராக இருந்தவர், குருப்பட்டம் பெறவில்லை. திருவிழாக்களுக்கு சர்ச்சுக்குள் மேடையலங்காரம் வைத்துப் பழகிய கை. இந்தக் கூரையை 1694இல் முடித்தார்.

எப்படிச் செய்தார் என்று அவரே புத்தகமாக எழுதி வைத்துவிட்டார். முதல் பாகம் 1693இல் வந்தது. மகள் அதை போனில் எடுத்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் அது கட்டம் போடும் வேலை. நாங்களும் சின்னப் படத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, துணியில் நூல் தட்டிப் பெரிய கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் ஏற்றுவோம். எங்கள் துணி தட்டை, அவருடைய கூரை வளைவு, அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கு அவர் சொல்லும் வழி: வளைவு தொடங்கும் மட்டத்தில் கயிற்றால் வலை மாதிரி கட்டு. பார்ப்பவன் கண் இருக்க வேண்டிய இடத்தில் விளக்கை வை. வலையின் நிழல் கூரையில் விழும். வளைந்து நெளிந்து விழுகிற அந்த நிழல்தான் உன் கட்டம். உயரம் அதிகமாகி நிழல் எட்டவில்லை என்றால் கண் இருக்கும் புள்ளியிலிருந்து கயிற்றை இழுத்துப் பிடித்துக் குறி. அப்புறம் சாரத்தில் ஏறி, ஈரச் சுண்ணாம்பு காய்வதற்குள் அன்றன்றைய பங்கை முடிக்க வேண்டும்.

ஆனால் மகள் என்னைக் கூட்டி வந்தது இதற்கு இல்லை. பீடத்துப் பக்கம் இன்னும் கொஞ்சம் நடந்தால் இரண்டாவது குறி. அதில் நின்று பார்த்தேன். பெரிய குவிமாடம், உள்பக்கம் சுற்றிலும் தூண்கள், உச்சியில் வெளிச்சம் இறங்குகிற சின்னக் கூண்டு. கொஞ்சம் இருட்டாக இருக்கிறதே, இவ்வளவு ஜன்னல் இருந்தும் வெளிச்சம் கீழே இறங்கவில்லையே என்று மட்டும் பட்டது.

"அது துணிப்பா" என்றாள்.

குவிமாடமே இல்லை! இருக்க வேண்டிய ஓட்டையை மூடிச் சுமார் 17 மீட்டர் அகலத்துக்குத் துணி இழுத்துக் கட்டி, அதில் குவிமாடம் வரைந்திருக்கிறார்கள். 1685இல் போஸ்ஸோ செய்தது. எங்கள் பாஷையில் சொன்னால், பேனர்.

கதை இதுதான். 1622இல் இஞ்ஞாசியாரைப் புனிதராக அறிவித்தவர் போப் பதினைந்தாம் கிரகோரி. அவருடைய உறவுப் பையன் கர்தினால் லுதோவிக்கோ லுதோவீசி பணம் கொடுக்க, 1626இல் வேலை தொடங்கியது. வரைபடத்துக்குப் பொறுப்பு ஒராட்ஸியோ கிராஸ்ஸி. இயேசு சபையின் கணக்கு வாத்தியார், வால்நட்சத்திர விஷயத்தில் கலீலியோவோடு மல்லுக்கு நின்ற அதே ஆள். 1632இல் கர்தினால் போய்ச் சேர்ந்தார். 1650இல் கோவிலைத் திறந்துவிட்டார்கள். குவிமாடத்துக்கு மட்டும் காசு இல்லை. பக்கத்து மடத்துக்காரர்கள் வெளிச்சம் மறைக்கும் என்று தடுத்தார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. எனக்கென்னவோ காசு என்பதே போதுமான காரணமாகத் தெரிகிறது. எத்தனை தலைவர்களுக்குக் கட்டாத மண்டபத்தைத் துணியில் எழுப்பிக் கொடுத்திருக்கிறேன்!

வரைந்த குவிமாடத்திலும் குறை கண்டுபிடித்தார்களாம். தூண்கள் சுவரிலிருந்து நீட்டிய முட்டுக்கல்மேல் நிற்கின்றன, நிஜக் கட்டடத்தில் யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று சில கட்டடக்காரர்கள். அதற்குப் போஸ்ஸோவின் ஓவிய நண்பர் ஒருவர், பாரம் தாங்காமல் முட்டுக்கல் விழுந்தால் செலவு என்னுடையது என்று ஜவாப்தாரி ஏற்றாராம். போஸ்ஸோவே தன் புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறார். எல்லாத் தொழிலிலும் அப்படி ஒரு நண்பன் வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். வராத குவிமாடத்தைச் சுமக்கக் கட்டிய தூண்கள் சும்மா நிற்கவில்லை. பக்கத்திலேயே இயேசு சபையின் ரோமன் கல்லூரி இருந்தது. 1850களில் அங்கே வானவியல் பார்த்த ஆஞ்செலோ செக்கி என்ற சாமியார், இவ்வளவு கனமான தூண் அசையாது என்று அவற்றுக்கு மேலேயே தன் வானாய்வுக்கூடத்தைக் கட்டிக்கொண்டார். நட்சத்திரங்களை அவற்றின் ஒளி நிறமாலையை வைத்து வகை பிரித்த ஆள் அவர். கீழே துணி வானம், மேலே நிஜ வானம்.

கோவிலின் வலப்பக்கக் கிளையில் ஞானப்பிரகாசியாரின், அதாவது புனித அலோசியஸ் கொன்சாகாவின் பீடம். முறுக்குத் தூண்கள், நடுவே பியேர் லெக்ரோ செதுக்கிய பளிங்குச் சிற்பம், கீழே நீலக்கல் பதித்த பேழையில் அவர் எலும்புகள். கொள்ளைநோய்க்காரர்களைத் தூக்கிச் சுமந்து பணிவிடை செய்து, 1591இல் 23 வயதில் இறந்த பையன். பலகையில் பிறந்த ஊர் கஸ்திலியோனே என்று படித்ததும் எங்கேயோ கேட்ட பெயராக இருந்தது. மகள் தேடிச் சொன்னாள்: நம் வீரமாமுனிவரும் அதே ஊர்தான், 1680இல் பிறந்தவர். தேம்பாவணி எழுதிய மனிதரின் ஊர்க்காரர் முன்னால் நிற்கிறேன் என்றதும் கொஞ்ச நேரம் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் எழுந்து, செய்யக்கூடாத வேலையைச் செய்தேன். குறிக்கல்லை விட்டு நேரே பீடத்தடி வரைக்கும் போய்த் திரும்பி அண்ணாந்து பார்த்தேன். குவிமாடம் ஒரு பக்கமாகச் சரிந்து, பழைய சட்டி நசுங்கின மாதிரி கிடந்தது. தூண்கள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருந்தன. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சாரத்தின்மேல் மூக்கு முட்டும் தூரத்தில் நின்று நாங்கள் பார்ப்பதெல்லாம் இந்த நசுங்கல்தானே. முகம் சரியாக வந்ததா என்று தெரிய, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பையனை நிறுத்தி வைத்திருப்போம்.

மகள் குறிக்கல்லில் நின்றபடி போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். சர்ச் என்பதை மறந்து சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"நேரா இருக்கா?"

கண்ணாடி வரிசையே திரும்பிப் பார்த்தது. அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினாள்.

"நேரா இருக்குப்பா."