கொஞ்சம் இறக்குங்க

மேடை ஒலி வேலையில் இருப்பவன் வாழ்நாள் முழுக்கக் கேட்கும் சொல் ஒன்றுதான்: "ஏத்துங்க." பாடகர் தன் குரலை ஏற்றச் சொல்வார், டிரம்ஸ்காரர் காலால் மிதிக்கும் கிக் டிரம்மை ஏற்றச் சொல்வார், எலெக்ட்ரிக் கித்தார்காரர் யாரிடமும் சொல்லாமல் தானே ஆம்ப்ளிஃபயரைத் திருகிக்கொள்வார். புதுக்கோட்டைப் பக்கம் மாமாவின் ரேடியோ செட்டில் குழாய் கட்டப் போன காலத்திலும் இதுதான், லண்டன் அரங்கு ஒன்றில், மேடையில் இருப்பவர்கள் தங்களைத் தாங்களே கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொள்ளும் இன்றைக்கும் இதுதான். அங்கே பக்கத்து ஊர் வரை கேட்க வேண்டும். இங்கே பக்கத்தில் இருக்கும் டிரம்ஸை மீறிக் கேட்க வேண்டும். இறக்கச் சொல்லி என்னைக் கேட்டவர்கள் என்றால், பெரும்பாலும் பிரேசிலிலிருந்து வந்தவர்கள்தான்.

ஐரோப்பாவில் ஜூன், ஜூலை ஜாஸ் விழாக்களின் பருவம். ரோட்டர்டாம், மோன்த்ரோ என்று பெரிய விழாக்களுக்குப் பிரேசில்காரர்களைக் கூப்பிட்டுவிட்டால், அந்தப் பயணத்திலேயே லிஸ்பன், பாரிஸ், லண்டன் என்று கச்சேரிகளைக் கோத்துவிடுவார்கள். பெரிய வாத்தியங்களை விமானத்தில் ஏற்றினால் கட்டுப்படியாகாது. சுர்தோ என்ற பெரிய முரசையெல்லாம் அந்தந்த ஊரில் வாடகைக்கு எடுப்பார்கள். கையோடு வருவது கித்தாரும், தாளக்காரரின் ஒரு பையும்தான். அதனால் இவர்கள் வரும் நாளில் எங்களுக்குச் சுமை தூக்கும் வேலை குறைவு. காதுக்குத்தான் வேலை கூடுதல்.

முதலில் வந்தவர்களில் ஒரு பெரியவர். நைலான் நரம்பு கித்தார், கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி, இரண்டு மைக். வேறு ஒன்றும் வேண்டாம். சவுண்ட் செக்கில் நான்கு வரி பாடினார். என்னைப் பார்த்து உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே அழுத்தினார். மானிட்டரைக் குறைத்தேன். இன்னும் நான்கு வரி, மறுபடியும் அதே கை. கடைசியில் மானிட்டர் பேருக்குத்தான் மேடையில் இருந்தது. அவர் கித்தாரைத் தன் மார்பில் கேட்டுக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதில் பிடிவாதம் ஒன்றும் இல்லை, கணக்கு இருக்கிறது. பேச்சுக் குரலைவிடச் சற்றே உயர்த்திப் பாடுகிற பாணி. அந்தக் குரலைப் பிடிக்க மைக்கை நன்றாகத் திறந்து வைக்க வேண்டும். அப்போது மானிட்டரிலிருந்து வரும் ஒலி கித்தாரின் வயிற்றுக்குள் புகுந்து அதை அதிர வைத்து, திரும்பவும் மைக்குக்கே வரும். முதலில் கீழ்ச் சுரங்கள் குழம்பும், அப்புறம் ஊளையிடும். மானிட்டர் இறங்க இறங்க, அரங்குக்குப் போகும் ஒலி தெளியும். தெளிந்தால்தான் அந்த வலது கை என்ன செய்கிறது என்று கேட்கும். போசா நோவா என்ற இந்த பிரேசில் பாணிக் கித்தாரில் கட்டைவிரல் சுர்தோவின் வேலையைப் பார்க்கிறது, இம்மி பிசகாமல் நடக்கும் கீழ்த்தாளம். மற்ற விரல்கள் தம்போரிம் என்ற சின்னத் தாளவாத்தியத்தைப் போல அதற்குக் குறுக்கே வெட்டிப் போகின்றன. தெருவை அடைத்துப் போகும் ஒரு சம்பா தாள ஊர்வலம் இப்படி ஒரு கைக்குள் அடங்குகிறது. ஏற்றி வைத்தால் கட்டைவிரல் மட்டும் தும் தும் என்று கேட்கும், மற்றதெல்லாம் காணாமல் போய்விடும்.

அப்புறம் ஏசி. எங்கள் கட்டடப் பராமரிப்புக்காரருக்குப் பிரேசில் என்றாலே தலைவலி. நிறுத்தச் சொல்வார்கள். காற்றின் இரைச்சல் ஒரு காரணம். குளிர்ந்த காற்று நேரே பட்டால் நைலான் நரம்பு சுருதி விலகும் என்பது இன்னொன்று. இந்த வழக்கத்தின் மூலவர் ஜோவோ ஜில்பெர்டோ. 1962 நவம்பர் 21-ஆம் தேதி நியூயார்க் கார்னகி அரங்கில் போசா நோவாவை அமெரிக்காவுக்குக் காட்டிய கச்சேரியில் பாடியவர். 1999-இல் சாவோ பாலோவில் புதிதாகத் திறந்த பெரிய அரங்கின் முதல் நாள் நிகழ்ச்சியில் ஒலி சரியில்லை என்று மேடையிலிருந்தே குறை சொல்லி, கூட்டம் ஊளையிட, பதிலுக்கு நாக்கைத் துருத்திக் காட்டியவரும் அவரே. அப்போது வயது அறுபத்தெட்டு. எங்கள் தொழிலில் பலர் அவரைக் கிறுக்கர் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனக்கு என்ன கேட்க வேண்டும் என்று அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தவர்கள் மேடையில் அபூர்வம். நாக்கைத் துருத்தியது கொஞ்சம் அதிகம்தான், சரி.

தாளக்காரரின் பையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அதிலிருந்து வரும் பாண்டெய்ரோவைப் பார்த்தால் நம் ஆட்கள் கஞ்சிரா என்றுதான் சொல்வார்கள். ஆனால் அளவில் பெரியது. ஆட்டுத் தோலோ செயற்கைத் தோலோ போட்டு, ஓரத்தில் திருகாணி வைத்து முறுக்கிச் சுருதி சேர்ப்பார்கள். கஞ்சிராவுக்கு மரபாக உடும்புத் தோல், தண்ணீர் தடவி இறக்குவோம், சலங்கையும் ஒரே ஜோடி. இதில் ஐந்து ஜோடி, அதுவும் ஜல்ஜல் என்று நீளாமல் சட்டென்று வறண்டு நிற்கும்படி அடித்தது. வலது கையின் கட்டைவிரல், விரல் நுனி, உள்ளங்கை அடி என்று மாறி மாறி விழும்போது, பிடித்திருக்கும் இடது கையும் சும்மா இருக்காது. மணிக்கட்டு வாத்தியத்தையே திருப்பிக் கொடுக்கும். அந்தக் கையின் நடுவிரல் தோலை அடியிலிருந்து தொட்டு அடக்கும், விடும். நான் மேடை ஓரத்தில் நின்று அந்த ஒரு விரலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வேலை நேரத்தில்தான்.

மார்க்கோஸ் சுசானோ என்ற ரியோ கலைஞர் பாண்டெய்ரோவின் சுருதியைத் தாழ்த்தி, சட்டத்திலேயே ஒரு மைக்கைப் பொருத்தி, அடியிலுள்ள கார்வையை வெளியே கொண்டுவந்தார். 1993-இல் பாடகர் லெனினியோடு அவர் வெளியிட்ட ஆல்பத்தைக் கேட்டால், டிரம்ஸ் எங்கே என்று தேடத் தோன்றாது. இதுவும் ஏற்றுவதல்ல. சரியான இடத்தில் காதை வைப்பது. நம்மவர்களுக்கும் பிரேசில் தாளத்துக்கும் பழைய பரிச்சயம் உண்டு. அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட்டின் பிளானட் டிரம் குழுவில் பிரேசில் தாளக்காரர் ஆயர்தோ மொரேராவோடு உட்கார்ந்து கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம். உலக இசை ஆல்பத்துக்கான முதல் கிராமி விருது அந்தப் பதிவுக்குத்தான் கிடைத்தது.

பிரேசில் முழுக்க முணுமுணுப்பு என்று நினைத்துவிட வேண்டாம். செபுல்துரா என்ற ஹெவி மெட்டல் குழுவும் அந்த நாட்டு பேண்டுதான். அவர்கள் வந்தால் காதடைப்பானோடுதான் நிற்க வேண்டும்.

2015-இல் பிரேசில் பாடகர்கள் ஜில்பெர்டோ ஜில்லும் காயெத்தானோ வெலோசோவும் லண்டன் ஹாமர்ஸ்மித்தில் சேர்ந்து பாடினார்கள். அன்று நான் வேலையில் இல்லை, டிக்கெட் வாங்கிப் போனேன். மூவாயிரம் பேருக்கு மேல் உட்காரும் அரங்கில் இரண்டு நாற்காலி, இரண்டு கித்தார், வேறு வாத்தியக்காரர் யாரும் இல்லை. 1968 இறுதியில் பிரேசிலின் ராணுவ ஆட்சி இருவரையும் கைது செய்தது; அடுத்த ஆண்டு நாட்டை விட்டு அனுப்பியது. 1972 வரை அவர்கள் இருந்தது இதே லண்டனில். பிறகு ஜில் அதே நாட்டின் பண்பாட்டு அமைச்சராகவும் ஆனார். ஹார்லெஸ்டன், வில்ஸ்டன் பக்கத்திலிருந்து வந்திருந்த பிரேசில்காரர்களுக்கு அந்தக் கதை மனப்பாடம், பாட்டும் மனப்பாடம்.

இந்தக் கூட்டம் எங்கள் அரங்குக்கும் வரும். உடன் பாடுவார்கள், முதல் வரியிலிருந்தே. உள்ளூர்க்காரர்கள் கச்சேரியைக் கோயில் மாதிரி நினைத்து வந்திருப்பார்கள். ஒருமுறை ஓர் ஆங்கிலேயர் திரும்பி "உஷ்" என்றார். பின்வரிசை அம்மா ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு, இன்னும் தெளிவாக, அவர் முகத்தைப் பார்த்தே பாடினார். நியாயம் அந்த அம்மா பக்கம் என்பது என் கட்சி.

அன்று மிக்ஸரில் இருந்தவர் கலைஞர்களோடு வந்த டூர் இன்ஜினியர். கூட்டம் குரலை மூட ஆரம்பித்தால் யாருடைய விரலும் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை மேலே தள்ளப் போகும். தொழில் அப்படிப் பழக்கியிருக்கிறது. அவர் கீழே இழுத்தார். கித்தாரை மட்டும் விட்டுவைத்து, குரலைப் பாதிக்கு மேல் இறக்கிவிட்டார். மேடையில் பாடகரும் மைக்கிலிருந்து முகத்தை விலக்கிக்கொண்டார். இருவருக்கும் நடுவே எந்தச் சைகையும் இல்லை. ஸ்பீக்கர் விட்ட இடத்தில் ஆயிரம் பேரின் குரல், யார் கைதேர்ந்தவர் யார் இல்லை என்று பிரிக்க முடியாமல் வந்து உட்கார்ந்தது. "உஷ்" சொன்னவரும் வாயசைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு மொழி தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பாட்டு முழுக்கத் தெரிந்த கூட்டம் நமக்கும் உண்டு. லண்டனில் நடக்கும் நம் சினிமா இசை நிகழ்ச்சிகளில் வேலை பார்த்திருக்கிறேன். முன்வரிசையில் வாயெல்லாம் அசையும், ஸ்பீக்கரை மீறி ஒரு குரலும் வெளியே வராது. ஓர் ஏற்பாட்டாளரிடம், மெதுவான ஒரே ஒரு பாட்டுக்காவது சரணத்தில் இறக்கிப் பார்க்கலாமா அண்ணே என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, பன்னிரண்டு சப்-வூஃபருக்கு வாடகை கொடுத்திருக்கேன். இறக்குனா, மைக் அவுட்டுன்னு நினைச்சு டிக்கெட் காசைத் திருப்பிக் கேப்பான். நீங்க ஏத்துங்க."

ஏற்றினேன்.