சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு விரியும் பூ

பூக்களோடு வேலை செய்கிறேன் என்று சொன்னதும் கேட்பவர் முகம் மலர்ந்துவிடும். "எவ்வளவு இனிமையான தொழில்!" என்பார்கள். நான் மறுப்பதில்லை. அதில் வாளி கழுவும் பங்கு எவ்வளவு என்று சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும் என்பதால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அலுவலக வேலையை விட்டுவிட்டு, ஒரு மலர் அலங்காரக் கடையில் உதவியாளராகச் சேர்ந்து, பிறகு தனியாகத் தொழில் தொடங்கி, இன்று அதை நம்பியே வாழ்கிறேன். இந்தப் பாதையில் கால் வைக்க நினைப்பவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

கடையை நடத்தியவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றே அழைத்தோம். முதல் சில மாதங்கள் அவர் என்னிடம் பூங்கொத்து கட்டும் வேலையைத் தரவே இல்லை. பெட்டிகளைப் பிரிப்பது, இலை உருவுவது, தண்டின் நுனியை வெட்டுவது, தண்ணீர் மாற்றுவது, வாளி கழுவுவது, இவைதான். வாளிக்கு அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. "எந்த வாளியில் தண்ணீர் குடிக்க உனக்கு மனம் வராதோ, அதில் பூவை வைக்காதே" என்பார். காரணம் எளிது. தண்ணீரில் பெருகும் பாக்டீரியா தண்டின் நுண்குழாய்களை அடைத்துவிடும். வாளி நிறையத் தண்ணீர் இருந்தும் பூ தாகத்தில் தலை தொங்கும். விரியாமலே ரோஜாவின் கழுத்து மடங்கிப்போவதற்குப் பெரும்பாலும் இந்த அடைப்புதான் காரணம். சிறு பொட்டலத்தில் வரும் பூவுணவிலும் ரகசியம் ஒன்றுமில்லை: மொட்டு விரியச் சர்க்கரை, தண்ணீர் நன்றாக ஏற அமிலம், கிருமியை அடக்க ஒரு மருந்து.

ஒவ்வொரு பூவுக்கும் ஒரு குணம் உண்டு என்பது அந்த மாதங்களில்தான் புரிந்தது. ரோஜாவும் கார்னேஷனும் உறைநிலைக்குச் சற்று மேலே, ஒன்றிரண்டு டிகிரி செல்சியஸில் நிம்மதியாகத் தூங்கும். அதே குளிரில் ஆந்தூரியத்தை வைத்தால் கருத்துவிடும். அதற்கு 12 டிகிரிக்கு மேல் வேண்டும். டஃபோடில் தண்டிலிருந்து வடியும் கொழகொழத்த சாறு பக்கத்தில் இருக்கும் பூக்களைக் கெடுக்கும் என்பதால் முதலில் அதைத் தனி வாளியில் வைத்துச் சாறு வடிய விட வேண்டும். துலிப் வெட்டிய பிறகும் வளரும், வெளிச்சத்தை நோக்கி வளையும். நேற்று மாலை சமமாக அடுக்கியது இன்று காலை வேறு உருவத்தில் நிற்கும். ஹைட்ரேஞ்சியா வாடினால் தலையோடு தண்ணீரில் முக்கி வைத்தால் பல நேரம் மீண்டுவிடும், ஏனென்றால் அது மேல்பக்கத்தாலும் நீரை உறிஞ்சும். லில்லி விரியும்போதே மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுக்காவிட்டால் யாருடைய வெள்ளை உடையாவது பாழாகும். மதிய உணவுக்கு யாராவது வாழைப்பழமோ ஆப்பிளோ கொண்டு வந்தால் அக்கா அதைக் குளிர் அறைப் பக்கமே அண்டவிட மாட்டார். கனியும் பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு பட்டால் கார்னேஷனின் இதழ்கள் உள்பக்கமாகச் சுருண்டுவிடும்.

ஒருநாள் ரோஜாக்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவர் ஒரு மொட்டின் அடியை இரு விரல்களால் மெல்ல அழுத்திக் காட்டினார். கல்போல இறுகியிருந்தால் விரியாமலே போகலாம். பஞ்சுபோல அமுங்கினால் அதன் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பதே நமக்கு வேண்டியது. பிறகு பச்சை படிந்து சுருங்கியிருந்த வெளி இதழ்களைக் கழற்றினார். அவை அழுகல் அல்ல, பயணத்தில் பூவைக் காக்கத் தோட்டத்தில் வேண்டுமென்றே விட்டுவைப்பவை. "நம்மிடம் வாங்குபவர் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு விரிந்திருக்கும் பூவை வாங்குகிறார். வெள்ளிக்கிழமை அது எவ்வளவு அழகாக இருந்தது என்பது அவருக்கு எதற்கு?" என்றார்.

இந்தத் தொழிலைப் பற்றி நான் கேட்டவற்றில் இதற்கு இணையாக எதுவும் இல்லை. அலங்காரம், விலை, ஒப்பந்தம், தூக்கம் எல்லாமே அந்த நான்கு மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடப்படுபவை. சனிக்கிழமை திருமணம் என்றால் மொட்டாக வரும் லில்லி திங்கள், செவ்வாய்க்குள் வந்தாக வேண்டும். ரோஜா புதன் அல்லது வியாழன். மென்மையான மலர்களும் காட்டுப் புல் வகைகளும் கடைசி நாள். வியாழக்கிழமை விரியாமல் அடம்பிடிப்பதை வெதுவெதுப்பான தண்ணீரில் வெளியே வைப்பேன், அவசரப்படுவதைக் குளிர் அறைக்குள் தள்ளுவேன். இரண்டு நாட்கள் இப்படி வாளிகளை உள்ளேயும் வெளியேயும் நகர்த்துவதுதான் என் வாரத்தின் பாதி.

தனியாகத் தொடங்கியபோது முதலில் தடுமாற வைத்தது கொள்முதல். மலர் வணிகம் உலகம் சுற்றும் வணிகம். நெதர்லாந்தின் ஆல்ஸ்மேரில் 1911 முதல் பூ ஏலம் நடக்கிறது. அங்கே விலை ஏறுவதில்லை, உச்சியிலிருந்து இறங்கும்; முதலில் பொத்தானை அழுத்துபவருக்குச் சரக்கு. பெரிய தலை ரோஜாக்கள் பல கென்யா, ஈக்வடார், கொலம்பியா ஆகிய நாடுகளின் மேட்டு நிலங்களிலிருந்து வருகின்றன. பூமத்திய ரேகைப் பகுதியில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரப் பகல், உயரத்தால் குளிர்ந்த இரவுகள். பூ நிதானமாக வளர்ந்து தண்டு நீண்டு தலை பெருக்கும். வாடிக்கையாளர் பார்க்கும் ஒரு ரோஜா விமானம், குளிர்பதன லாரி, மொத்த வியாபாரியின் கிடங்கு எல்லாம் தாண்டி வந்தது. இந்தச் சங்கிலியில் எங்கு தாமதமானாலும் அது என் வியாழக்கிழமையில் வந்து விடியும்.

ஒருமுறை வெள்ளை கேட்டிருந்தேன், பெட்டியைத் திறந்தால் இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு. மொத்த வியாபாரி "இந்த வாரம் வெள்ளை வரவில்லை, இதுவும் அழகுதானே" என்றார். அழகுதான். மணப்பெண் கேட்டது அதுவல்ல. அன்று வேறு மூன்று இடங்களில் கிடைத்ததைப் பொறுக்கி வேலையை முடித்தேன். அதன்பின் எந்த நிகழ்ச்சிக்கும் ஒரே வியாபாரியை நம்புவதில்லை. தேவைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகவும் வாங்குகிறேன். உடைவதும் விரியாததும் எப்போதும் இருக்கும்.

சொந்த பாணி என்று ஒன்றைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இதில் என்னைத் தேற்றியவர் ஆங்கிலேய மலர் அலங்காரக் கலைஞர் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை. 1886இல் பிறந்தவர், பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்தவர், 1929இல் லண்டனில் பூக்கடை திறந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். வேலியோரச் செடிகளையும் முட்டைக்கோஸ் வகைக் கீரையின் இலைகளையும் செல்வந்தர் வீட்டு மேசையில் வைத்தார். 1953இல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழா மலர் அலங்காரத்திலும் அவருக்குப் பங்கிருந்தது. தாமதமாக வந்ததும் தரையில் கிடப்பதைப் பொறுக்கியதும் அவருக்குக் குறையாகவில்லை. மறுபக்கம் ஜப்பானின் மலர் அலங்காரக் கலையான இகெபானா எனக்குக் கையை அடக்கக் கற்றுத் தந்தது. ஆணிப் படுக்கை போன்ற கென்சானில் ஒரே ஒரு கிளையைக் குத்திவிட்டு, அதைச் சுற்றியுள்ள வெற்றிடமும் அலங்காரம்தான் என்று நிற்கும் துணிச்சல் பெரிய விஷயம். நான் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறேன். கிளை நிறைய, பூ குறைவு, ஒரு பக்கம் சாய்ந்த வடிவம். இது பாணி என்று உட்கார்ந்து தீர்மானித்ததில்லை. விலையுயர்ந்த பூ வாங்க முடியாத காலத்தில் கிளைகளைக் கொண்டு இடத்தை நிரப்பினேன், வந்தவர்கள் அதையே கேட்டார்கள்.

தண்டுகளைக் குத்தி நிறுத்தும் பச்சை நிற நுரைக்கட்டியை நான் விட்டுவிட்டேன். 1954இல் அமெரிக்காவில் வந்த அந்த ஃபோம் தொழிலையே மாற்றிவிட்டது என்பது உண்மை. எந்தக் கோணத்திலும் தண்டு நிற்கும், தண்ணீரும் பிடிக்கும். ஆனால் அது மக்காத பிளாஸ்டிக், கையில் உதிரும் தூள் வாய்க்காலில்தான் போய்ச் சேர்கிறது. நான் கோழிக்கூட்டுக் கம்பிவலையைச் சுருட்டிப் பாத்திரத்துக்குள் வைக்கிறேன். வேலை கொஞ்சம் கூடுதல். ஆனால் வலையைக் கழுவி மறுபடி மறுபடி பயன்படுத்தலாம், பூவும் நேராகத் தண்ணீரிலேயே நிற்கிறது.

இனி பணம். கலை மனம் கொண்டவர்கள் இந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள், தொழில் நொடிப்பதும் இங்கேதான். பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு இது: பூவின் கொள்முதல் விலையைப் போல மூன்று அல்லது மூன்றரை மடங்கு, பாத்திரம், நாடா, கம்பி போன்றவற்றுக்கு இரண்டு அல்லது இரண்டரை மடங்கு, அதற்கு மேல் கூலி. அதாவது 100க்கு வாங்கிய பூவுக்கு 300 முதல் 350. கேட்பவருக்குக் கொள்ளையாகத் தெரியும். பூவின் விலைக்கு மேல் வரும் அந்த இரண்டு, இரண்டரை மடங்குக்குள் வாடிய பூ, குளிர் அறையின் மின்சாரம், வண்டி, வாடகை, வாளி கழுவிய நேரம், படம் வரைந்த மாலைப்பொழுது எல்லாம் ஒளிந்திருக்கின்றன.

ஒவ்வொரு அலங்காரத்துக்கும் ஒரு சீட்டு எழுதுவேன். மேசை நடுவில் வைக்கும் கிண்ணம் ஒன்று: ரோஜா 7, லிசியாந்தஸ் 4, யூகலிப்டஸ் 3, மெல்லிய நிரப்பு மலர் 2. மேசை 12 என்றால் ரோஜா 84. கட்டு 20 தண்டு என்றால் ஐந்து கட்டு வாங்கியாக வேண்டும். மிச்சம் 16 ரோஜாக்களை எதிர்பாராத லாபம் என்று நினைக்கக்கூடாது. அவற்றின் விலையும் அந்த மேசைகள் மேல்தான் ஏற வேண்டும். உடைந்தால் ஈடுகட்டுவதும் அவைதான். இந்தச் சீட்டு இல்லாமல் கைபோன போக்கில் பூ சொருகுபவர்கள் மிகவும் தாராளமானவர்கள். அந்தத் தாராளத்துக்குப் பணம் கட்டுவது அவர்களே.

ஒரு மணப்பெண் கைப்பேசியில் பியோனி மலர்கள் பொங்கும் படம் ஒன்றைக் காட்டினார். திருமணம் செப்டம்பரில். வட அரைக்கோளத்தில் பியோனி வசந்தத்தின் இறுதியிலும் கோடைத் தொடக்கத்திலும் சில வாரங்களே கிடைக்கும். "இந்தப் படத்தில் உங்களுக்கு எது பிடித்திருக்கிறது?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "மடிப்பு மடிப்பாக இருப்பது" என்றார். அடுக்கு இதழ்கள் கொண்ட தோட்ட ரோஜாவையும் டாலியாவையும் எடுத்து மேசை மேல் வைத்தேன். பியோனி என்ற சொல் அதன்பின் எங்கள் பேச்சில் வரவே இல்லை. பூவின் பெயரை எழுதிக்கொள்வதைவிட, படத்தில் கண் எங்கே நிற்கிறது என்று கேட்பதில் எனக்கு எப்போதும் பயன் அதிகம் கிடைத்திருக்கிறது.

ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்களுக்கு நான் வளைந்துகொடுப்பதில்லை. முன்பணம் இல்லாமல் தேதியைப் பதிவதில்லை. குறிப்பிட்ட மலர் கிடைக்காவிட்டால் அதே நிறத்திலும் மதிப்பிலும் மாற்றுப் பூ வைக்க எனக்கு உரிமை உண்டு. மேசைகளின் இறுதி எண்ணிக்கையை மூன்று வாரங்களுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பூ ஆர்டர் போகும் முன் முழுத் தொகையும் வந்துவிட வேண்டும். கடைசி விதிக்கு முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் மொத்த வியாபாரிக்குப் பணம் கொடுக்கும் நாள் நிகழ்ச்சிக்கு முன்பு வருகிறது. அந்த இடைவெளியை என் சேமிப்பால் நிரப்பிக் காட்ட எனக்கு விருப்பமில்லை.

படங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆரம்பத்தில் யாரும் வேலை தராதபோது நானே சொந்தச் செலவில் சிறிய அலங்காரங்கள் செய்து ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்தேன். எப்படிப்பட்ட வேலை வர வேண்டும் என்று விரும்பினேனோ, அதை மட்டும் காட்டினேன். அது போதுமாக இருந்தது.

தொழிலைத் தாங்கிப் பிடித்தது திருமணங்கள் அல்ல. அவை சில மாதங்களில் குவிந்துவிட்டு மற்ற மாதங்களில் காணாமல் போகும். ஒரு விடுதியும் இரண்டு அலுவலகங்களும் வாரந்தோறும் வரவேற்பு மேசைக்குப் பூ கேட்கத் தொடங்கிய பிறகே மாத வாடகை தூக்கத்தைக் கெடுப்பது நின்றது. வாராந்தரப் பூவில் புகைப்படத்துக்கு ஏற்ற ஆடம்பரம் இருக்காது. குளிர்சாதனக் காற்றில் ஏழு நாள் தாங்கும் கார்னேஷன், சாமந்தி, அல்ஸ்ட்ரோமீரியா, கிளைகள், அவ்வளவுதான். கார்னேஷனை மலிவு என்று இகழ்பவர்கள் அதை ஒரே நிறத்தில் நெருக்கமாக அடுக்கிப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

இரங்கல் மலர்களைப் பயிற்சி வகுப்புகளில் யாரும் முன்னிறுத்துவதில்லை. எனக்கு அந்த வேலைதான் நெருக்கமானது. மனைவியை இழந்த ஒரு பெரியவர் வந்து, எந்தப் பூ என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல், மனைவி தோட்டத்தில் வேலை செய்யும்போது அணிந்த மஞ்சள் தொப்பியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். நான் குறுக்கிடவில்லை. மஞ்சள் நிறத்தில் செய்து கொடுத்தேன். அங்கே மாற்றித் தர நாளை கிடையாது, முகூர்த்தம்போலத் தள்ளிப்போடவும் முடியாது. அதனால் எத்தனை வேலை இருந்தாலும் அந்தப் பூங்கொத்தைத்தான் முதலில் முடிப்பேன்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அல்ஸ்ட்ரோமீரியாவிலும் துலிப்பிலும் உள்ள டியூலிபோசைடு என்ற பொருள் பூக்கலைஞர்களின் விரல் நுனிகளில் ஒவ்வாமையை உண்டாக்கும். தோல் வெடித்து எரியும். வினைல் கையுறை அதைத் தடுக்காது, நைட்ரைல் கையுறை வேண்டும். கள்ளி இனத்தைச் சேர்ந்த யூஃபோர்பியாவின் பால் கண்ணில் பட்டால் மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான். ஈரத்தரையில் நாள் முழுக்க நிற்பதற்கு நல்ல காலணி, முதல் வருமானத்தில் வாங்க வேண்டியவற்றின் பட்டியலில் பாத்திரங்களுக்கு மேலே இருக்கட்டும்.

இப்போது தெருவைப் பார்த்த கடை எனக்கு இல்லை. நடந்து வருபவருக்காகப் பூவைக் காட்சிக்கு வைத்தால் விற்காததெல்லாம் குப்பைக்குப் போகிறது. ஆர்டருக்கு மட்டும் வாங்கினால் போவது மிகக் குறைவு. பின்சந்தில் ஒரு பட்டறை, ஒரு குளிர் அறை, ஒரு பழைய வண்டி. நிகழ்ச்சி நாட்களுக்கு மட்டும் இருவர் வந்து உதவுகிறார்கள். அவர்களில் ஒருவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ள வாராந்தர வாடிக்கையாளர் இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. ஒரு மருத்துவமனையின் வரவேற்பறைக்கு மாதிரி அலங்காரம் கேட்டிருக்கிறார்கள், மணமில்லாத பூக்களாக, மகரந்தம் உதிராதவையாக. லில்லியைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். மீதிப் பட்டியலை இன்று எழுதி முடிக்க வேண்டும்.